கூப்பிட்டவர் பங்கு

காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்காமல் அவர் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்ததில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு விபூதிப் பொட்டலம் இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றுகிற நேரத்தில் ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு விரலுக்கிடையில் உதிர்ப்பார். தூள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமாக ஒதுங்கி உட்காருவார். நம் வாசம் அவருக்குப் போகும், அவர் வாசம் நமக்கு வராது. கல்யாணப் பந்தியிலும் அப்படித்தான். படகுத்துறை ஜெட்டியில் கப்பலுக்குக் காத்திருக்கும்போதும் அப்படித்தான். ஒருமுறை சாவு வீட்டிலும் பார்த்தேன். சிரிக்கக் கூடாத இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் மனைவி அதைப் பக்தி என்று நம்பியிருந்தார். கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். சுனாமி அலைக்குப் பிறகு வடக்கே வந்து, அந்தமானின் லாங் ஐலண்டில் இவருக்கு வாழ்க்கைப்பட்டவர். “எங்கூட்டுக்காரரு துன்னூறு இல்லாம வாசப்படி தாண்ட மாட்டாரு டீச்சர், மனசு பூரா முருகன்தான்” என்பார். இவரோ பக்கத்தில் நின்று எங்கோ பார்ப்பார். மறுக்க மாட்டார். மறுப்பதற்குக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கும்.

பவர்ஹவுஸில் ஆபரேட்டர். டீசல் எஞ்சின் போடுகிற கூச்சலுக்குள் வேலை நேரம் முழுக்க இருந்துவிட்டு வெளியே வருகிறவர் காதில் அடைத்த பஞ்சை எடுக்காமலேயே காட்டுப் பாதையில் ஏறுவார். பஞ்சை எங்கே எடுக்க வேண்டும் என்று அவருக்கு ஓர் இடம் இருந்தது. ஊர்ச் சத்தம் முழுவதும் பின்னால் விழுந்துவிடுகிற ஒரு படாக் மரத்தடி. அங்கே எடுத்தால்தான் காடு முதல் தடவையாகக் காதில் இறங்குமாம்.

ஊரில் எல்லோரும் அவரை ஷிகாரி என்றுதான் கூப்பிட்டார்கள். டீக்கடை பெங்காலி, மீன் விற்கிற தெலுங்கம்மா, எங்கள் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், எல்லோரும். வேட்டையை விட்டு வெகுகாலமான பிறகும் ஷிகாரிதான். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயருக்குள் அவர் குடியிருந்ததே இல்லை.

மானைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். புள்ளிமான் இந்தத் தீவுகளில் பிறந்ததல்ல. வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்து விட்டது. புலி கிடையாது, சிறுத்தை கிடையாது, அதனால் பெருகிற்று. கடலை நீந்தித் தீவுக்குத் தீவு தாண்டிற்று. பாக்குக் கன்றை மேய்ந்தது, அவரைப் பந்தலை இழுத்தது. “அதுவும் நம்மளப்போல மெயின்லேண்டுதான், வந்த இடத்துல சாப்பிடாம என்ன பண்ணும்” என்று தோட்டக்காரர்களே சொல்லிச் சிரிப்பார்கள், பிறகு அடிக்கவும் செய்வார்கள். அடிப்பது குற்றம் என்று தெரியும். அதனால் கறி என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. பங்கு என்பார்கள். “பங்கு வந்துச்சா?” என்று ஒருத்தி வேலிக்கு மேல் கேட்டால் தெரு முழுக்கப் புரிந்துவிடும்.

பங்குக்கு ஒரு முறை இருந்தது. தலை, அடித்தவருக்கு. ஈரல், கூப்பிட்டவருக்கு. மீதி தெரு முழுவதற்கும், வீடு விடாமல், வாழையிலையில் கட்டி.

கூப்பிடுவது என்றால் இதுதான். பச்சை இலை ஒன்றை உதட்டுக்கிடையில் இழுத்துப் பிடித்து ஊதுவது. தாயைத் தொலைத்த குட்டி கத்துகிற மாதிரி ஒரு குரல் அதிலிருந்து எழும். கேட்ட பெட்டை மான் எங்கிருந்தாலும் வரும். தன் குட்டியாக இருக்க வேண்டும் என்பதில்லை, ஏதோ ஒரு குட்டி. ஒருத்தர் கூப்பிட, இன்னொருத்தர் மரத்தோடு மரமாக நின்று சுடுவார். ஷிகாரி இரண்டையும் தானே செய்கிறவராக இருந்தார். அந்தக் காலத்தில் அவர் வீட்டு அடுப்பில் தலையும் வேகும், ஈரலும் வேகும் என்று டீக்கடையில் சொல்வார்கள். நான் மாற்றலாகி அந்தத் தீவுக்குப் போனபோது அந்தக் காலத்தின் கடைசி வருஷம் நடந்துகொண்டிருந்தது. எனக்கும் பங்கு வந்தது. மிளகும் தேங்காயும் அரைத்துக் குழம்பு வைத்தேன். ருசியாக இருந்தது என்பதை மறைக்க முடியாது.

ஏன் விட்டார் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லியிருந்தார். போலீஸ் ஸ்டேஷனில் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தபோது கண் மங்குகிறது என்றாராம். மனைவியிடம், டாக்டர் கறி வேண்டாம் என்றார் என்று சொன்னாராம். டீக்கடையில் எதுவும் சொல்லவில்லை. ஆனால் காட்டுக்குப் போவதை அவரால் விட முடியவில்லை. வெறுங்கையோடு போய்ப் பார்த்தார், கை என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கியது. பிறகு போர்ட் பிளேருக்கு ஒரு நடை போய்விட்டு வந்தவர் கழுத்தில் ஒரு பழைய கேமரா தொங்கியது.

அதில் தூரத்தை இழுக்கிற லென்ஸ் இல்லை. அதனால் அவர் கிட்டப் போக வேண்டும், இல்லையென்றால் மான் கிட்ட வர வேண்டும். கூப்பிடத்தான் தெரியுமே. கூப்பிட்டார்.

வேட்டையில் எப்படியோ அப்படியே எல்லாம். காட்டுக்குப் போகிற அன்று சோப்பு கிடையாது, தலைக்கு எண்ணெய் கிடையாது, வெங்காயம் போட்ட எதுவும் கிடையாது. ஒரு நடைக்கு ஒரு படம். “இன்னும் ரெண்டு எடுத்தா என்ன, படம்தானே?” என்று நான் கேட்டதற்கு, “ரெண்டாவது சத்தத்துக்கு எது நிக்கும்?” என்றார். எடுத்தேன் என்று சொல்ல மாட்டார். அடித்தேன் என்பார். “இன்னிக்கு ஒண்ணு அடிச்சேன் டீச்சர், நெத்திக்கு நேரா.”

அடித்ததைப் பங்கு போடவும் செய்தார். அதுதான் ஊருக்கே வேடிக்கை. மெமரி கார்டு படகேறி ரங்கத் ஸ்டுடியோவுக்குப் போகும். படங்கள் அடுத்த படகில் திரும்பி வரும். முன்பு எந்தெந்த வீட்டுக்கு வாழையிலைப் பொட்டலம் போனதோ அந்தந்த வீட்டுக்கு, அதே வாழையிலையில், அதே நாரில் கட்டி, ஒவ்வொரு பிரிண்ட். முதல் தடவை இலையின் ஈரத்தில் எல்லா மான்களும் நெளிந்துபோயின. அப்புறம் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு இலையில் கட்டினார். இலையை மட்டும் விடவில்லை. தெலுங்கம்மா பிரித்துப் பார்த்துவிட்டு, இதுக்கு என்ன மசாலா போடணும் ஷிகாரி என்று ஹிந்தியில் கேட்டார். தெரு சிரித்தது. அவரும் சிரித்தார், காற்றுக்குக் கீழ்ப்பக்கம் நின்றுகொண்டு.

ஆனால் படங்கள் சுவரேறின. ஒரு வருஷத்துக்குள் அந்தத் தெருவில் மான் முகம் இல்லாத வீடு இல்லை. எல்லாம் நேர்முகம். முகம் தெரியாத படம் அவருக்குப் படமே இல்லை. அதில் பாதிக்கு மேல் ஒரே பெட்டையின் முகம், இடது காது நுனி கிழிந்தது. கிழிசக்காதி என்று பெயர் வைத்திருந்தார். நேராக நம்மைப் பார்க்கும். கண்ணில் மரக்கிளைகள் தெரியும், இன்னும் உற்றுப் பார்த்தால் கிளைகளுக்கு நடுவே குந்தியிருக்கிற ஒரு மனிதனின் கறுப்பு உருவமும் தெரியும். “எவ்வளவு கிட்ட!” என்பதுதான் எல்லோர் வாயிலும். நானும் அதைத்தான் சொன்னேன். எவ்வளவு கிட்ட, எவ்வளவு பாசமாகப் பார்க்கிறது உங்களை.

அந்தப் பாசம் என்ற வார்த்தை அவருக்கு எங்கோ குத்தியிருக்க வேண்டும். பள்ளி விடுமுறையில் ஒரு நாள் காலை, வர்றீங்களா என்றார். மல்லிகைப்பூ கூடாது, தேங்காயெண்ணெய் கூடாது என்று மனைவி மூலமாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

படாக் மரத்தடியில் பஞ்சை எடுத்தார். விபூதியை உதிர்த்தார். ஒரு பள்ளத்தின் ஓரமாக, வேர்களுக்கு நடுவில் என்னை உட்காரவைத்துவிட்டு, இலை ஒன்றைக் கிள்ளி உதட்டில் வைத்தார்.

அந்தச் சத்தத்தை எழுதிப் பார்த்துப் பார்த்துக் கிழித்திருக்கிறேன். குரலென்று சொல்ல முடியாது. குரலுக்கு முன்னால் இருக்கிற ஏதோ ஒன்று. தொட்டிலில் தனியாக விழித்துக்கொண்ட ஒன்று, இன்னும் அழத் தெரியாமல், அழுகையைத் தேடுகிற மாதிரி. நான் எழுந்துவிடப் பார்த்தேன், எதற்கென்று தெரியாமல்.

கிழிசக்காதி வந்தாள். நடந்து வரவில்லை, ஓடி வந்தாள். கை நீட்டினால் மூக்கைத் தொடலாம் என்கிற இடத்தில் நின்றாள். கேமரா ஒருமுறை சொடுக்கியது. அதற்கும் போகவில்லை. எங்களைத் தாண்டிப் பார்த்தாள். வேருக்குப் பின்னால் பார்த்தாள். தலையைச் சாய்த்து, அவர் மடிப்பக்கம் பார்த்தாள். வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினாள், திரும்பித் திரும்பி நின்றபடி.

இறங்கி வருகிற வழியில் அவராகவே பேசினார்.

“பாசமாப் பாக்குதுன்னு சொன்னீங்களே டீச்சர். அது என்னைப் பாக்கல. குட்டியத் தேடுது.”

அப்படியானால் கூப்பிடாமல் எடுக்கலாமே என்றேன்.

“கூப்பிடாம யாரு வருவா?” கொஞ்ச தூரம் நடந்தார். “முன்னாடி கூப்பிட்டுக் கொன்னேன். இப்பக் கூப்பிட்டு ஏமாத்துறேன். ஒரு படி கம்மிதானே.”

பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்று சொன்னார். அவர் வேட்டையாடிய காலத்தில் அந்தக் காட்டு மான்களுக்கு இலைச் சத்தம் கேட்டாலே பாதி ஓடிவிடுமாம், தாய் மட்டும் பயந்து பயந்து வருமாம். அந்தச் சத்தத்தில் அவ்வளவு ரத்தம் ஒட்டியிருந்தது. இப்போது அதைக் கழுவிக்கொண்டிருக்கிறாராம். ஒவ்வொரு தடவை கூப்பிட்டும் யாரும் சாகாமல் திரும்பிப் போகும்போது சத்தம் கொஞ்சம் சுத்தமாகிறதாம். “இப்பல்லாம் பயமில்லாம வருது, பாத்தீங்கல்ல?” என்றார். அவர் முகத்தில் நான் பார்த்த ஒரே பெருமை அதுதான்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் அவர் மனைவி வேலிக்கு மேல் ஒரு கிண்ணம் நீட்டினார். ஈரல், மிளகு போட்டு வதக்கியது. யாரோ ஆடு அறுத்தார்கள் போலிருக்கிறது என்று இரண்டு பேருமே நினைத்தோம். டோங்கிக்காரர் கொடுத்துவிட்டுப் போனாராம், ஷிகாரி டியூட்டியில் இருந்தபோது, வாழையிலையில் கட்டி. டோங்கி என்றால் எஞ்சின் வைத்த சின்னப் படகு. அதை ஓட்டுகிற அந்தத் தம்பிக்குத் தீவின் வடக்கு முனையில் பாக்குத் தோட்டம் உண்டு. நான் சாப்பிட்டேன். கிண்ணத்தைக் கழுவி, வெறுங்கிண்ணமாகக் கொடுக்கக் கூடாதென்று கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாய் வைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

தட்டைத் தொடவில்லை. முகர்ந்துகொண்டிருந்தார்.

“யாரு குடுத்தது?” என்று மனைவியைக் கேட்டார். சொன்னார். “இலையிலயா குடுத்தான்?” ஆமாம் என்றார் மனைவி. “வேற யாரு வீட்டுக்குப் போச்சு?” அது தெரியாது, ஈரல் முழுசாக நமக்குத்தான் வந்தது என்றார் அவர்.

ஈரல் யாருக்கு என்பது அந்தத் தெருவில் எனக்கும் தெரிந்திருந்தது. என் வாயில் மிளகின் காரம் இன்னும் இருந்தது.

எறிந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் சோற்றைப் பிசைந்தார். மெதுவாக, ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டு முடித்தார். “எறிஞ்சா ரெண்டாவது தடவ கொன்ன மாதிரி” என்று தட்டைப் பார்த்துச் சொன்னார். பிறகு கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் தெரியாமத்தானே டீச்சர் சமைச்சேன், நான் தெரியாமத்தானே என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஜெட்டியில் டோங்கிக்காரரைப் பார்த்தார். நான் கப்பல் டிக்கெட்டுக்கு நின்றிருந்தேன், எல்லாம் கேட்டது.

“யாரு கூப்பிட்டது?”

“நான்தாண்ணே. எனக்கு எங்க கூப்பிடத் தெரியும்? பீப்பீன்னு என்னமோ ஊதுனேன். அதுக்கே ஓடி வந்து மூஞ்சிக்கு மூஞ்சி நின்னுச்சு. பந்தூக்கு, குண்டு எதுவும் வேணாம்ணே. கையில புல்லு வெட்டுற தாவ் இருந்துச்சு, அதுவே போதும்.”

“ஈரலை எதுக்குடா எனக்குக் குடுத்த?”

டோங்கிக்காரருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. “நீங்க கூப்பிட்டுப் பழக்குனதுதானே. ஒவ்வொரு வீட்டுச் செவுத்துலயும் பாக்குறேன், எவ்ளோ கிட்ட வருதுன்னு. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல அண்ணே. உங்க பங்க நான் திங்கலாமா?”

அந்தத் தம்பி முகத்தில் குசும்பு இல்லை. மரியாதைதான் இருந்தது. வனத்துறையில் சொல்லிவிடலாமே என்று பிறகு நான் கேட்டேன். “எந்த வாயால சொல்ல? கூப்பிட்டது நான்” என்றார்.

அன்றே காட்டுக்குப் போனாராம். கூப்பிட்டிருக்கிறார். கிழிசக்காதி வந்திருக்கிறாள். உயிரோடிருக்கிறாள் என்ற நிம்மதி ஒரு மூச்சுக்கூட நிற்கவில்லையாம். இவ்வளவு சுலபமாக வருகிறாளே என்ற பயம் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டதாம். அன்று அவர் படம் அடிக்கவில்லை.

அதன் பிறகு அவர் செய்தது ஊருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. பவர்ஹவுஸிலிருந்து காலி டீசல் டின்னைத் தூக்கிக்கொண்டு போனார். கூப்பிடுவார், மான் வந்ததும் டின்னை அடித்து விரட்டுவார். ஓடும். மறுநாள் கூப்பிட்டால் வரும். தோட்டங்களில் டின் தட்டுவதைக் கேட்டே வளர்ந்த மான்கள், இந்த டின் எந்த மூலைக்கு? தீபாவளிக்கு மிஞ்சிய வெடியைப் போட்டுப் பார்த்தார். ஓடின, வந்தன. நாயைக் கூட்டிப் போங்கள் என்று டீக்கடையில் யோசனை சொன்னார்கள். நாய் கடித்துவிடும் என்றார். கடைசியில் ரப்பர் கட்டிய கவட்டை ஒன்று செய்துகொண்டார். களிமண்ணை உருட்டி வெயிலில் காயவைத்தார். சாப்பாடு குறைந்தது. ராத்திரியெல்லாம் புரள்கிறார், நீங்க கூடப் போய்ப் பாருங்க டீச்சர், உங்க பேச்ச மட்டும்தான் கேப்பாரு என்று மனைவி அழுதார்.

இரண்டாம் தடவையாக நான் அந்த வேர்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். இலையை வைத்து ஊதினார். அதே சத்தம். கிழிசக்காதி அதே ஓட்டத்தில் வந்தாள். அவர் கவட்டையை இழுத்தார். உருண்டை அவள் காலடி மண்ணில் விழுந்தது. அவள் அதை முகர்ந்து பார்த்தாள்.

குறி தவறாத கை அது. தவறியது கை அல்ல என்று எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. இன்னொன்று இழுத்தார். அது மரத்தில் பட்டது. அவள் இன்னும் ஓரடி முன்னால் வந்து, அவர் மடிப்பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“போடீ” என்றார். காட்டில் அவர் குரலுயர்த்தி நான் கேட்ட ஒரே சொல். பிறகு அடித்தார், விலாவில், முழு இழுப்பில். அந்த மொத்தென்ற சத்தம் என் விலாவிலும் கேட்டது. அவள் துள்ளியது உயரமாக இருந்தது. வால் விறைத்து அடிவெள்ளை தெரிய மரங்களுக்குள் போய்விட்டாள். அவர் கவட்டையைக் கீழே வைத்துவிட்டு, தன் விலாவைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மழை விடுகிறவரை அதைச் செய்தார். ஒவ்வொரு பெட்டையாக. இத்தனை வருஷம் கழுவியதில் மறுபடி பயத்தைப் பூசினார். அந்த வருஷக் கடைசியில், எனக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்ட பிறகு, மறுபடி ஒரு தடவை அழைத்தார். கவட்டை இல்லை. கழுத்தில் கேமரா.

ஊதினார். வெகுநேரம் எதுவும் வரவில்லை. பிறகு பள்ளத்துக்கு அந்தப் பக்கம், தூரத்தில், மரங்களுக்கிடையில் கிழிந்த காது தெரிந்தது. நின்றாள். முன்னங்காலால் தரையை உதைத்தாள். வரவில்லை. அவர் இலையை மாற்றிக்கொண்டு இன்னும் நன்றாக ஊதினார். அவ்வளவு நன்றாக அவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எந்தத் தாயும் தாங்க மாட்டாள். அவள் உடம்பு முன்னால் சாய்வதும் கால் பின்னால் இழுப்பதும் இங்கிருந்தே தெரிந்தது. அவர் ஊதிக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து இறங்கியது உதட்டில் இலையை நனைத்தது, சத்தம் பிசிறியது. அவள் திரும்பிப் போய்விட்டாள்.

“வரல, பாத்தீங்களா டீச்சர்” என்றார். “வரல.”

அவள் திரும்புவதற்குச் சற்று முன்னால் கேமரா ஒருமுறை சொடுக்கியிருந்தது. அந்தப் படமும் ரங்கத் போய் வந்தது. வாழையிலையில் கட்டி, வீடு விடாமல் பங்கு போட்டார். முதல் பொட்டலம் டோங்கிக்காரருக்கு. பிரித்தவர்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். வெறும் மரம். ஷிகாரிக்கு நிஜமாகவே கண் போய்விட்டது என்றார்கள்.

போர்ட் பிளேரில் என் வீட்டுச் சுவரில் அது இருக்கிறது. வருகிறவர்கள் இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். காடு என்கிறேன். உற்றுப் பார்க்கிறவர்கள் உண்டு, விரலை வைத்துத் தேடுகிறவர்கள் உண்டு. சிலர் விரல் அவள் நிற்கிற இடத்துக்கு வெகு அருகில் வந்துவிடும். அப்போதெல்லாம் மிளகின் காரம் நாக்கில் ஏறுகிறது. டீ ஆறுகிறது, குடியுங்கள் என்று சொல்லி அவர்களை அந்தப் பக்கம் கூப்பிட்டுக்கொள்கிறேன்.